இடைக்கால ஐரோப்பாவில் யார் என்ன சாப்பிட்டார்கள், யார் எதனால் மடிந்தார்கள்?

இடைக்கால ஐரோப்பியரின் சாப்பாட்டைப் பற்றி இரண்டு கதைகள் அடிக்கடி சுற்றுகின்றன. முதல் கதையில், குடியானவர்கள் ரசாயனம் படாத முழுதானியமும் கீரையும் சாப்பிட்டு, நன்றாக உழைத்து, நோய் நொடி இல்லாமல் வாழ்ந்தார்கள். கறியும் மதுவுமாகச் சாப்பிட்ட பிரபுக்கள்தான் மூட்டுவலியில் கிடந்தார்கள். இரண்டாவது கதையில், சாமானியர் எல்லாரும் ஆண்டு முழுக்கப் பட்டினி கிடந்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் மட்டும் தின்று கொழுத்தார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த நூற்றாண்டு, எந்த அடுக்கு, எந்த வயது என்று கேட்காமல் இவற்றில் எதையும் ஏற்க முடியாது.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் இங்கிலாந்தைப் பற்றியது. பண்ணைக் கணக்குகள், மடாலயச் சமையலறைப் பதிவுகள், தோண்டி ஆராயப்பட்ட கல்லறைகள் மூன்றும் அங்கே நிறையக் கிடைத்திருப்பதுதான் காரணம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. நல்ல விளைச்சல் ஆண்டில் தட்டில் என்ன இருந்தது என்பதைவிட, விளைச்சல் பொய்த்த ஆண்டில் குதிரில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதே அந்தக் கால உடல்நலத்தை அதிகம் தீர்மானித்தது.

## முதலில் நிலக் கணக்கு

1086 வாக்கில் இங்கிலாந்தின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம். 1300 வாக்கில் அது ஏறத்தாழ 50 லட்சத்தைத் தொட்டது. நிலம் அந்த வேகத்தில் பெருகவில்லை. பெரும்பாலான கிராமங்கள் ‘மேனர்’ எனப்பட்ட பண்ணைகளுக்குக் கீழ் இருந்தன. பண்ணையின் உடைமையாளர் ஒரு பிரபுவாகவோ, ஆயராகவோ, மடாலயமாகவோ இருக்கலாம். குடியானவர்களில் கணிசமானவர்கள் பண்ணைக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர்கள் வாரத்தில் சில நாட்கள் பண்ணை நிலத்தில் கூலியின்றி வேலை செய்ய வேண்டும், பண்ணையாரின் ஆலையில்தான் மாவு அரைக்க வேண்டும், அதற்கும் தானியமாகக் கட்டணம் கொடுக்க வேண்டும்.

வசதியான குடியானவர் என்றால் அவரிடம் 30 ஏக்கர் இருக்கும். இவர்கள் சிறுபான்மை. 1280 வாக்கில் எடுக்கப்பட்ட அரசுக் கணக்கெடுப்பு கிடைத்துள்ள பகுதிகளில், குடியானவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடம் அதில் கால்பங்கோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது. இனி விளைச்சலைப் பார்க்கலாம்.

1. ஒரு மூட்டை விதைத்தால் மூன்று அல்லது நான்கு மூட்டை கிடைப்பதே சாதாரணம்.
2. அதில் ஒரு மூட்டை அடுத்த ஆண்டின் விதைக்குப் போய்விடும்.
3. விளைச்சலில் பத்தில் ஒன்று தேவாலயத்துக்குத் தசமபாகம்.
4. நிலத்தில் மூன்றில் ஒரு பகுதியோ பாதியோ ஒவ்வோர் ஆண்டும் தரிசாகக் கிடக்கும்.
5. வாடகை, ஆலைக் கட்டணம், அபராதங்கள் இதற்குப் பிறகு.

ஒரு குடும்பம் தன் நிலத்திலிருந்தே வயிற்றை நிரப்ப, மண்ணைப் பொறுத்து 10 முதல் 15 ஏக்கர் தேவைப்பட்டது. ஆக, கிராமத்தில் பாதிப்பேர் கூலிக்குப் போய், சந்தையில் தானியம் வாங்கிச் சாப்பிட்டவர்கள். ‘குடியானவர்’ என்று எல்லாரையும் ஒரே கூட்டமாகப் பேசும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. தானிய விலை ஏறினால் 30 ஏக்கர்காரர் மிஞ்சியதை விற்று லாபம் பார்ப்பார். அதே தெருவில் 5 ஏக்கர்காரரின் வீட்டில் உலை ஏறாது.

## தட்டில் என்ன இருந்தது

ஏழைகளின் அன்றாட உணவு மூன்று பொருள்களைச் சுற்றியே இருந்தது: ரொட்டி, ‘பாட்டேஜ்’ என்ற கெட்டியான கஞ்சி, ‘ஏல்’ என்ற பார்லி மது. ரொட்டி பார்லி, ரை என்ற குளிர்ப்பகுதித் தானியம், அல்லது கோதுமையும் ரையும் கலந்த மாவில் செய்யப்பட்டது. பஞ்சம் நெருங்கும்போது பட்டாணியும் மொச்சை வகைகளும் மாவில் கலக்கப்பட்டன. பாட்டேஜில் ஓட்ஸ், பட்டாணி, முட்டைக்கோஸ், லீக் எனப்படும் தாள்வெங்காயம், வெங்காயம், பூண்டு ஆகியவை சேரும். வாய்த்தால் ஒரு துண்டு உப்புப் பன்றிக்கறியும் விழும். பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவை ஏழைகளின் புரதம். மாடு வைத்திருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையே இருந்த தூரம் பெரியது.

இன்றைய கண்ணுக்கு இது நல்ல பத்திய உணவாகத் தெரியலாம். நார்ச்சத்து உண்டு, சர்க்கரை இல்லை. கல்லறைகளில் கிடைத்த பற்களில் சொத்தை இன்றைய அளவுக்கு இல்லாததும் உண்மை. ஆனால் அதே பற்கள் கடுமையாகத் தேய்ந்திருக்கின்றன. ஆலைக் கல்லிலிருந்து மாவில் கலந்த மணல்துகள் அதற்கு முக்கியக் காரணம்.

இன்னொரு ஆபத்து தானியத்துக்குள்ளேயே இருந்தது. ஈரமான கோடையில் ரை கதிர்களில் எர்காட் என்ற பூஞ்சை வளரும். அந்த மாவில் செய்த ரொட்டியைச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக் குழாய்கள் சுருங்கி, விரல்களும் கைகால்களும் கறுத்து அழுகின. சிலருக்கு வலிப்பு வந்தது. ‘புனித அந்தோனியார் நெருப்பு’ என்று இதை அழைத்தார்கள். 1095 வாக்கில் பிரான்சின் தென்கிழக்கே தொடங்கிய அந்தோனியார் சபை, இந்த நோயாளிகளுக்காகவே மருத்துவமனைகள் நடத்தியது. ரையை நம்பி வாழ்ந்தவர்களே, அதாவது ஏழைகளே, அதிகம் பாதிக்கப்பட்டார்கள். கோதுமை ரொட்டி சாப்பிட்டவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

பெரிய வீடுகளில் நிலைமை வேறு. சலித்த கோதுமையில் வெள்ளை ரொட்டி, மாடு, ஆடு, பன்றி, கோழி, காட்டுப் பறவைகள், கூடவே மான் கறி. மான் கறி சந்தையில் விற்கும் பண்டமே அல்ல. வேட்டை உரிமை உள்ளவர் வீட்டிலோ, அவர் பரிசாக அனுப்பிய வீட்டிலோதான் அது இருக்கும். 1390இல் வந்த ஆங்கிலச் சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாத சாமானியர் வேட்டை நாய் வைத்திருப்பதையே தடைசெய்தது. மலபார்க் கரையிலிருந்து செங்கடல், அலெக்சாண்டிரியா, வெனிஸ் வழியாகப் போன மிளகும் இந்தச் சமையலறைகளில் தாராளமாகப் புழங்கியது. கெட்டுப்போன கறியின் நாற்றத்தை மறைக்கவே மசாலா போட்டார்கள் என்பது வெறும் கட்டுக்கதை. மிளகு வாங்க வசதி உள்ளவருக்குப் புதுக் கறி வாங்கவா வசதி இருக்காது?

## விரத நாட்களிலும் வர்க்கம்

திருச்சபை விதித்த சுத்தபோசன நாட்கள் ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வெள்ளிக்கிழமைகள், சனிக்கிழமைகள், பல இடங்களில் புதன்கிழமைகள், அப்புறம் தவக்காலத்தின் நாற்பது நாட்கள். இறைச்சி கூடாது, தவக்காலத்தில் பாலும் முட்டையும்கூடக் கூடாது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. பணக்காரர் வீட்டில் ஆற்று மீனும் பாதாம் பாலும் வந்தன. நடுத்தர வீட்டுக்கு நார்வேயிலிருந்து வந்த காட் கருவாடும், பால்டிக் பகுதியின் உப்பு ஹெர்ரிங் மீனும் வந்தன. ஏழைக்கு வழக்கமான கஞ்சியிலிருந்து பாலாடைக்கட்டியும் போனது.

அந்த மாதங்களைக் கவனிக்க வேண்டும். தவக்காலம் வருவது குளிர்கால இருப்பு தீரும் நேரத்தில். அதற்குப் பிறகு ஜூன், ஜூலையில் பழைய தானியம் முடிந்து, புதுக் கதிர் இன்னும் முற்றாத இடைவெளி. சிறு நிலக்காரர்களின் உடல் ஆண்டுதோறும் இந்த இரண்டு பள்ளங்களைக் கடந்தாக வேண்டியிருந்தது.

## எலும்பிலிருந்து எப்படித் தெரிகிறது

சமையலறைக் கணக்கு எழுதியவர்கள் பெரிய வீட்டுக்காரர்கள். ஏழையின் கஞ்சிக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. எனவே எலும்பைக் கேட்க வேண்டியிருக்கிறது. பயன்படும் சான்றுகள் முக்கியமாக நான்கு.

1. ஐசோடோப் அளவு. ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வடிவங்களை ஐசோடோப் என்பார்கள். எலும்பின் கொலாஜன் புரதத்தில் நைட்ரஜன்-15 கூடுதலாக இருந்தால், அந்த மனிதர் விலங்குப் புரதம் அதிகம் சாப்பிட்டிருக்கலாம். அதோடு கார்பன்-13உம் கூடினால் கடல் மீன் என்று கொள்ளலாம். ஆனால் நன்றாக எருவிட்ட வயலின் தானியமும் நைட்ரஜன்-15ஐக் கூட்டும்; ஆகவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.
2. பல் எனாமலில் கோடுகள். குழந்தைப் பருவத்தில் கடும் பசியோ காய்ச்சலோ வந்தால் எனாமல் வளர்ச்சி சில வாரங்கள் நின்றுபோகும். அந்தத் தடம் பல்லில் வரிப்பள்ளமாக ஆயுள் முழுக்க இருக்கும்.
3. கண்குழியின் கூரையில் நுண்துளைகள். ரத்தசோகை, சத்துக்குறைவு, குடல்புழு ஆகியவற்றோடு இவை தொடர்புபடுத்தப்படுகின்றன.
4. உயரம். தொடை எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கலாம். வளரும் வயதில் கிடைத்த உணவும் வந்த நோய்களும் இதில் ஒன்றாகப் பதிவாகின்றன.

இந்த முறைகள் சில பழைய நம்பிக்கைகளையும் கலைத்திருக்கின்றன. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான 2,023 பேரின் எலும்புத் தரவுகளைப் பார்த்தது. அரசர்களும் பிரபுக்களும் மலைமலையாகக் கறி தின்றார்கள் என்ற எண்ணம் அந்த நூற்றாண்டுகளுக்குப் பொருந்தவில்லை. உயர்குடியினரின் அன்றாட உணவும் தானியம் சார்ந்ததாகவே தெரிந்தது. தென் இங்கிலாந்தில் இருந்த வெசெக்ஸ் நாட்டின் அரசர் இனே காலத்துச் சட்டத்தில் வரும் பெரிய உணவுப் பட்டியல், எப்போதாவது நடந்த விருந்துக்கானது என்று அந்த ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். இதிலிருந்து எனக்குத் தோன்றுவது: சாப்பாட்டில் வர்க்க இடைவெளி ஆதியிலிருந்தே ஒரே அளவில் இருந்த ஒன்றல்ல. மக்கள்தொகை பெருகி, நிலம் சுருங்கி, காடும் வேட்டையும் சட்டத்தால் பூட்டப்பட்ட பிறகு அது விரிந்தது.

## குழந்தைகளின் உடம்பு

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்று ஒரு கைவிடப்பட்ட கிராமம் இருக்கிறது. அங்கே தேவாலய வளாகத்தில் ஏறத்தாழ 700 பேரின் எலும்புக்கூடுகள் தோண்டி எடுக்கப்பட்டன. பெரும்பாலோர் சாதாரணக் குடியானவர்கள். இந்தத் தலைப்பில் எனக்கு மிக முக்கியமாகப் படும் சான்று இதுதான்.

அங்கே குழந்தைகள் சுமார் 18 மாதம் வரை தாய்ப்பால் குடித்திருக்கிறார்கள். முதல் ஆண்டில் அவர்களின் வளர்ச்சி இன்றைய குழந்தைகளுக்குப் பெரிதும் குறைந்ததல்ல. தாய்ப்பால் நின்ற பிறகுதான் சரிவு தொடங்குகிறது. 14 வயது வரும்போது, அவர்கள் இன்றைய 10 வயதுக் குழந்தையின் உயரமே இருந்தார்கள். ஆனால் வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் சுமார் 169 சென்டிமீட்டர். அதாவது வளர்ச்சி மெதுவாக, இருபது வயதைத் தாண்டியும் நீண்டு, தப்பியவர்களை ஓரளவு கரை சேர்த்திருக்கிறது. வளர்ந்தவர்களின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘குடியானவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள்’ என்று சொல்பவர்கள், நடுவில் அந்தப் பிள்ளைகள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. மெலிந்த உடம்பில் வரும் வயிற்றுப்போக்கும் அம்மையும் கொல்லும். அந்த இடுகாட்டின் சின்னக் குழிகளில் இருப்பவர்கள் அப்படித் தப்பாதவர்கள்.

கிராமத்தைவிட நகரம் மேல் என்றும் சொல்ல முடியாது. முகத்தின் எலும்புக் குழிகளில் நாள்பட்ட சைனஸ் அழற்சியின் தடம் வாரம் பெர்சியில் 39% பேரிடமும், யார்க் நகரின் ஏழைப் பகுதிக் கல்லறை ஒன்றில் 55% பேரிடமும் காணப்பட்டது. புகை, நெரிசல், தொழில்களின் தூசு ஆகியவை காரணமாக இருக்கலாம். நகரத்தில் மீனும் கறியும் கூடுதலாகக் கிடைத்தாலும், நுரையீரல் அதற்கு விலை கொடுத்தது.

## ரொட்டியின் எடை குறையும்போது

13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரொட்டிக்கும் ஏலுக்கும் ஒரு விலைச் சட்டம் இருந்தது. அதன்படி ரொட்டியின் விலை மாறாது, எடை மாறும். கால் பென்னிக்கு ஒரு ரொட்டி என்றால் எப்போதும் கால் பென்னிதான். கோதுமை விலை இரண்டு மடங்கானால் ரொட்டியின் எடை பாதியாகிவிடும். ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு பென்னி கூலி வாங்கியவருக்கு, ஊதியம் குறையாமலேயே சாப்பாடு பாதியாகும் ஏற்பாடு இது.

1315 வசந்தத்தில் வட ஐரோப்பா முழுவதும் மழை தொடங்கியது, நிற்கவில்லை. விதை அழுகியது, வைக்கோல் காயவில்லை, உப்பு வற்றக் காய்ச்சும் விறகுகூட நனைந்துபோனது. கோதுமை விலை வழக்கத்தைவிட மூன்று மடங்கும் அதற்கு மேலும் ஏறியது. அந்த ஆகஸ்டில் அரசர் இரண்டாம் எட்வர்டு செயின்ட் ஆல்பன்ஸில் தங்கியபோது, அவருடைய பரிவாரத்துக்கே ரொட்டி கிடைப்பது கஷ்டமாக இருந்ததாக அக்கால வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. 1316இலும் விளைச்சல் பொய்த்தது. ஃபிளாண்டர்ஸின் (இன்றைய பெல்ஜியம்) ஈப்ரே நகரம் அந்த ஆண்டில் சில மாதங்களுக்குள் தன் மக்களில் சுமார் பத்தில் ஒருவரைப் புதைத்தது. நகரம் தானியத்தை வாங்கித்தான் சாப்பிட வேண்டும். வாங்க முடியாதவர்கள் முதலில் போனார்கள்.

யார் செத்தார்கள் என்பதற்கு இங்கிலாந்தில் நேரடியான சான்று இருக்கிறது. பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவர் இறந்தால், அவர் வீட்டின் சிறந்த கால்நடையைப் பண்ணையாருக்குக் கொடுக்க வேண்டும். கால்நடையே இல்லாத ஏழை என்றால் கொஞ்சம் பணம். வின்செஸ்டர் ஆயரின் பண்ணைகளில் இந்த மரண வரிகள் ஆண்டுவாரியாகப் பதிவாகியிருக்கின்றன. தானிய விலை ஏறிய ஆண்டுகளில் மரண வரிகள் கூடுகின்றன. அந்த ஏற்றம் பணமாகக் கட்டியவர்களிடம், அதாவது மாடுகூட இல்லாதவர்களிடம், மிகக் கூர்மையாகத் தெரிகிறது. விலைப் பட்டியலும் சாவுப் பட்டியலும் ஒன்றாக ஏறி இறங்கும் இந்தக் கணக்கைவிட நேரடியான வர்க்கச் சான்று இந்தக் காலத்துக்கு வேறு கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் 1319 முதல் 1321 வரை கால்நடைக் கொள்ளைநோய் வந்தது. இங்கிலாந்தின் மாடுகளில் பாதிக்கு மேல் மடிந்தன. உழவு எருதும் போனது, பாலும் போனது. பாலும் பாலாடைக்கட்டியும்தான் ஏழைப் பிள்ளைகளின் புரதம் என்று மேலே பார்த்தோம். அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் முப்பது வயதை ஒட்டும்போது, 1348இல், கறுப்புச் சாவு என்று அழைக்கப்படும் பெரும் கொள்ளைநோய் வந்தது. சிறு வயதில் பட்ட அந்தப் புரதக் குறைவு அவர்களைக் கொள்ளைநோய்க்கு எளிய இரையாக்கியிருக்கும் என்று சில ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். நிரூபணமான முடிவு என்று இதைச் சொல்ல மாட்டேன். எலும்புச் சான்றோடு இது ஒத்துப்போகிறது என்று மட்டும் சொல்லலாம்.

## நிறையச் சாப்பிட்டவர்களின் நோய்கள்

லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் சமையலறைக் கணக்குகள் தப்பியிருக்கின்றன. 15ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் ஒரு துறவிக்குச் சாதாரண நாளில் ஒதுக்கப்பட்ட உணவு சுமார் 6,200 கலோரி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தவக்காலத்தில்கூடச் சுமார் 4,900. முழுவதையும் அவர்கள் சாப்பிடவில்லை. ஒரு பகுதி பணியாட்களுக்கும் பிச்சைக்கும் போனது. இருந்தாலும் அளவைப் பாருங்கள். ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மதுவிலிருந்து வந்தது.

துறவிகளுக்குப் புனித பெனடிக்ட் வகுத்த விதி நான்குகால் விலங்குகளின் இறைச்சியை நோயாளிகளுக்கு மட்டுமே அனுமதித்தது. மடாலயங்கள் இதற்கு வழி கண்டுபிடித்தன. விதி பொதுச் சாப்பாட்டுக் கூடத்துக்குத்தானே என்று, பக்கத்தில் வேறோர் அறையில் கறி பரிமாறினார்கள். 1336இல் திருத்தந்தை 12ஆம் பெனடிக்ட் இந்த வழக்கத்தை ஒழுங்குபடுத்தி, விரதம் இல்லாத காலங்களில் வாரம் நான்கு நாட்களுக்கு அனுமதித்தார்.

இதன் தடம் முதுகெலும்பில் இருக்கிறது. டிஷ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நிலையில், முதுகெலும்பின் வலப்பக்கம் உருகி வழிந்த மெழுகைப் போலப் புது எலும்பு படர்ந்து, முள்ளெலும்புகளை ஒட்டவைத்துவிடும். இன்று இது உடற்பருமனோடும் இரண்டாம் வகை நீரிழிவோடும் தொடர்புபடுத்தப்படுகிறது. மெர்ட்டன் போன்ற மடாலயக் கல்லறைகளில் இது சாதாரண மக்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

வசதி கொண்டுவந்த வேறு சில தீங்குகள்:

1. கவுட். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகித் தாங்க முடியாத வலி தரும் நோய். கறியும் மதுவும் இதைத் தூண்டும். 1469இல் இறந்த புளோரன்ஸின் பியரோ டி மெடிச்சிக்கு ‘கவுட்காரர்’ என்பதே பட்டப்பெயர்.
2. புற்றுநோய். 1494இல் இறந்த நேப்பிள்ஸ் அரசர் முதலாம் ஃபெர்ரான்டேயின் பதப்பட்ட உடலில் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஐசோடோப் அளவு அவர் இறைச்சி மிகுதியாகச் சாப்பிட்டதைக் காட்டுகிறது. ஒரே ஒருவரை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாதுதான், ஆனால் பொருத்தம் கவனிக்கத்தக்கது.
3. ஈயம். டென்மார்க், வட ஜெர்மனிக் கல்லறைகளில் நகரவாசிகளின் எலும்பில் கிராமத்தாரைவிட ஈயம் கூடுதல். ஈயப் பூச்சுள்ள பளபளப்பான மண்பாண்டங்கள் வாங்க வசதி இருந்ததே காரணம் என்று கருதப்படுகிறது. புளிப்பான உணவு அந்தப் பூச்சைக் கரைக்கும்.
4. குடல்புழு. இது பலர் எதிர்பாராதது. கேம்பிரிட்ஜில் அகஸ்டீனியத் துறவிகள் 19 பேரில் 11 பேரிடம், அதாவது 58% பேரிடம், குடல்புழு முட்டைகள் கிடைத்தன. அதே நகரின் சாதாரண மக்கள் 25 பேரில் 8 பேரிடம்தான், அதாவது 32%. துறவிகளின் மடத்தில் கழிப்பறையும் கைகழுவும் வசதியும் இருந்தன. ஆனால் காய்கறித் தோட்டத்துக்கு மனிதக் கழிவை எருவாகப் போட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

உழைப்பின் தடமும் அதே கேம்பிரிட்ஜில் தெரிகிறது. எலும்பு முறிவு ஏழைத் தொழிலாளர்களின் கல்லறையில் 44% பேரிடமும், துறவிகளில் 32% பேரிடமும் இருந்தது. சாப்பாடு உடம்பை ஒரு பக்கம் கட்டியது. வயலும் கட்டுமானமும் இன்னொரு பக்கம் உடைத்தன.

## கறுப்புச் சாவும் அதற்குப் பிறகு வந்த கறியும்

1348-49இல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை கொண்டுபோனது. யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பாக்டீரியா பணக்காரர், ஏழை என்று பார்க்கவில்லை என்று சொல்வது வழக்கம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்ற பெரிய உடைமையாளர்களில் கால்வாசியை ஒட்டியவர்கள் இறந்தார்கள். சாதாரணப் பங்குக் குருமார்களில் இறந்தவர்கள் 40 சதவீதத்துக்கும் மேல். கல் வீடும், ஊரைவிட்டு விலகிப்போகும் வசதியும் கொஞ்சம் காத்தன.

லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில் கொள்ளைநோய்க்கென்றே திறக்கப்பட்ட இடுகாட்டு எலும்புகள் இன்னொன்றைக் காட்டுகின்றன. எனாமல் வரிப்பள்ளம், குட்டையான உடல் போன்ற பழைய பாதிப்புத் தடங்கள் இருந்தவர்கள் கூடுதலாக மடிந்திருக்கிறார்கள். அதாவது, முன்பே நலிந்தவரை நோய் முதலில் எடுத்துக்கொண்டது. முன்பே நலிய வைத்ததில் பசிக்குப் பெரும் பங்கு இருக்க வேண்டும்.

தப்பியவர்களுக்கு நிலைமை தலைகீழானது. ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறியது. 1351இல் நாடாளுமன்றம் கூலியைக் கொள்ளைநோய்க்கு முந்தைய அளவில் நிறுத்தச் சட்டம் போட்டது. 1363இல் இன்னும் ஒரு படி போய், உடையையும் உணவையும் அந்தஸ்துப்படி கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பணியாட்களுக்கு நாளுக்கு ஒரு முறை மட்டுமே கறியோ மீனோ, மற்ற வேளைகளில் பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று அது விதித்தது. 1365இல் அது நீக்கப்பட்டது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே, வேலைக்காரர்கள் இரண்டு வேளை கறி கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்குச் சான்று.

நார்ஃபோக்கின் செட்ஜ்ஃபோர்டு பண்ணையில் அறுவடை ஆட்களுக்குக் கொடுத்த சாப்பாட்டுக் கணக்கில் இந்த மாற்றம் கண்முன்னே நடக்கிறது. 1256இல் பார்லி ரொட்டிதான் பிரதானம், கறி சொற்பம். 1424இல் கோதுமை ரொட்டி. உணவின் மதிப்பில் கால்வாசிக்கும் மேல் கறி. லண்டன் கல்லறைகளிலும் கொள்ளைநோய்க்குப் பிந்தைய தலைமுறைகளில் முதுமை வரை வாழ்ந்தவர்களின் பங்கு கூடியிருக்கிறது.

## பணத்தால் வாங்க முடியாதது

சரி, நிறையச் சாப்பிட்டவர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்களா? பஞ்சத்தில் அவர்கள் சாகவில்லை, அது நிச்சயம். ஆனால் 1330க்கும் 1479க்கும் இடையே இங்கிலாந்தின் டியூக் (பிரபுக்களில் மிக உயர்ந்த பட்டம்) குடும்பங்களில் பிறந்த ஆண்களின் சராசரி ஆயுள் சுமார் 24 ஆண்டுகள், பெண்களுக்குச் சுமார் 33. ஆண்கள் போரிலும் தூக்குமேடையிலும் போனார்கள், பிள்ளைகள் கொள்ளைநோயில் போனார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் துறவிகளின் ஆயுளும் 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், உணவு ஏராளமாக இருந்தபோதே, மோசமாகச் சரிந்தது. பலர் ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட்ட இடத்தில் கொள்ளைநோயும் காசநோயும் எளிதாகப் பரவின. பசியிலிருந்து பாதுகாப்பும் தொற்றிலிருந்து பாதுகாப்பும் வேறு வேறு. முதலாவதை மட்டுமே அன்றைய செல்வத்தால் வாங்க முடிந்தது.

ஏழைகளுக்குக் கிடைத்த அந்த நல்ல நூற்றாண்டும் நீடிக்கவில்லை. 1500க்குப் பிறகு மக்கள்தொகை மீண்டும் ஏற, கூலியின் வாங்கும் சக்தி இறங்கியது, சாமானியர் தட்டில் கறி மறுபடி அரிதானது. வட ஐரோப்பிய ஆண்களின் சராசரி உயரம் 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை சுமார் 173 சென்டிமீட்டராக இருந்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில், அச்சகமும் தொலைநோக்கியும் வந்து வெகுகாலம் ஆன பிறகு, அது சுமார் 167ஆகக் குறைந்திருந்தது.